வலிக்காத கண்

வாசம் அடிக்குதாம்மா? வெங்காயம். பரவால்ல, மூக்கைப் பொத்திக்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். எத்தனை சோப்பு போட்டுத் தேச்சாலும் இந்தக் கையை விட்டுப் போக மாட்டேங்குது. துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போயி நல்லம்மா மெஸ் எங்கன்னு கேளு, யாரு வேணா வழி சொல்லுவாங்க. அந்த நல்லம்மா நான்தான். கல்லாவுல உக்கார வேண்டியவ கையில வெங்காய வாசம் வரலாமா? வருதே! யாரால வருதுன்னு கேட்டீன்னா, அது பெரிய கதை. இந்த பஸ்ஸுல நீ திருச்சி வரைக்குமா? அப்பக் கேளு. யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

எனக்கு ஒரே மகன், இளவரசன். அவனுக்குக் கட்டி வெச்சது சுகந்தின்னு ஒரு பொண்ணு, பெரம்பலூர்ப் பக்கம். நானே பாத்து, நானே பேசி, நானே கட்டி வெச்சேன். நல்ல பொண்ணுதான். இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிடும். காலையில மாவு, மத்தியானம் பந்தி, எல்லாத்துக்கும் நிப்பா. சாயந்தரமானா ஜன்னலோரமா சட்டத்தைப் போட்டுக்கிட்டு ஆரி வேலை. கல்யாண ஜாக்கெட்டுல மணியும் ஜரிகையும் வெச்சு ஊசியால பின்னுவாங்களே, அதுதான். தூரத்துல நின்னு பாத்தா அவ கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அவ்வளவு பொடி மணி. "ஏண்டி, எறும்புக்கு மை போட்டு விடுவியாடி நீ?"ன்னு கேப்பேன். அப்படிச் சிரிப்பா. இப்ப எங்க சிரிக்கறா.

போன வருசம் வெயில் ஆரம்பிக்கற நேரம். அவளுக்கு இடது பக்கம் நெத்தி சுர்ரு சுர்ருன்னு எரியுதுன்னா. தலைமுடி பட்டாக்கூட வலிக்குதுன்னா. மறுநாள் பாத்தா பாதி நெத்தியில கொப்புளம். நடு நெத்தியில கோடு போட்டு நிறுத்தின மாதிரி இந்தப் பக்கம் மட்டும்தான், அந்தப் பக்கம் சுத்தமா இருக்கு. அப்படியே இறங்கி இடது கண்ணு இமை வரைக்கும் வந்து, கண்ணே திறக்க முடியாம வீங்கிப் போச்சு. பாத்த உடனே சொல்லிட்டேன், அக்கின்னு. எனக்கு டெஸ்ட்டு எல்லாம் வேண்டியதில்ல.

இளவரசன் கேக்கலை. அவன்தான் பொண்டாட்டிக்குத் தலைவலின்னா ஊரைக் கூட்டறவனாச்சே. பைக்குல உக்கார வெச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டான். அந்த டாக்டரு ஒரு கத்தை மாத்திரையைக் கொடுத்து, ஒரு வேளைகூட விடக் கூடாது, நாளைக்கே திருச்சிக்குப் போயி கண்ணு டாக்டரைப் பாக்கணும், அக்கி கண்ணுக்குள்ள இறங்கினா ஆபத்துன்னு பயமுறுத்தி அனுப்பியிருக்கான். பயமுறுத்தினாத்தானே அவனுக்குப் பொழப்பு ஓடும்?

நீ சொல்லும்மா, அக்கி வந்தா நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? எழுதுவோம். பானை செய்யற வேளார் வந்து, செங்காவியைக் குழைச்சு, கொப்புளத்து மேல சிங்கம் எழுதுவாரு. சிங்கத்தைக் கண்டா அக்கி அடங்கிடும். எங்க அப்பாவுக்கு முதுகுல வந்துச்சு, எழுதினோம், போச்சு. எனக்கு இடுப்புல வந்துச்சு, எழுதினோம், போச்சு. இவளுக்கு மட்டும் என்ன தனி உடம்பா?

ஆள் அனுப்பி வேளாரை வரவழைச்சேன். மனுசன் வந்து பாத்துட்டுத் தயங்கறாரு. "கண்ணுகிட்ட வந்திருக்கேம்மா. நெத்தியில நான் எழுதறேன், கண்ணை டாக்டர்கிட்டயும் காட்டிருங்க"ங்கறாரு. பயந்த சுபாவம் அவருக்கு. "நீங்க எழுதுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"னேன். எழுதினாரு. நெத்தி பூரா ஒரு சிங்கம், அது வாலு வந்து புருவத்துல முடியுது. இமை மேல நானே காவியைத் தொட்டுத் தடவி விட்டேன். யாரு செய்வா இதெல்லாம்? பெத்தவகூட செய்ய மாட்டா.

எழுதியாச்சுன்னா பத்தியம் இருக்கணும். மூஞ்சியில தண்ணி படக் கூடாது, காத்து படக் கூடாது, எண்ணெய் கூடாது. இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. எழுத்து மேல இருக்கறப்ப மாத்திரை உள்ள போச்சுன்னா, வெளிய வர வேண்டிய அக்கி உள்ளுக்கே வாங்கிக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அதனால அந்த மாத்திரையை எடுத்து சமையக்கட்டுல கடுகு டப்பாவுக்குப் பின்னாடி வெச்சேன். ஒளிச்சு வெச்சேன்னு சொல்றான் என் மகன். ஒளிக்கலைம்மா. பத்திரமா வெச்சேன். ஒளிச்சு வெக்கறதுக்கும் பத்திரமா வெக்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

சுகந்தி கேட்டா. "அத்த, மாத்திரை குடுங்க"ன்னா. "எழுத்து முடியட்டும்டி, எடுத்துத் தரேன்"னேன். "சரிங்க அத்த"ன்னுட்டா. "வலி உயிர் போகுதுங்க அத்த"ன்னும் சொன்னா. அக்கின்னா வலிக்காம இனிக்குமா? திருச்சிக்குப் போகணும்னு இளவரசன் குதிச்சான். "இந்த மூஞ்சியோட பஸ்ஸுல காத்து பட உக்காந்துட்டுப் போகப் போறாளா? மெஸ்ஸுக்குக் கல்யாணச் சாப்பாட்டு ஆர்டர் வேற தலைக்கு மேல கெடக்கு, அதை யாரு பாக்கறது?"ன்னு கேட்டேன். யோசிச்சான். சரின்னான். அவன் வாயாலதான் சரின்னான், மறந்துராத. இன்னைக்கு எல்லாம் என் தலையில.

வேப்பிலை விரிச்சுப் படுக்க வெச்சேன். கஞ்சி காய்ச்சி ஊட்டி விட்டேன். தாளிச்சா நெடி ஏறும்னு மெஸ்ஸு அடுப்பையே பின்கட்டுக்கு மாத்தினேன். உள்ளங்கையில வெச்சுத் தாங்கினேன்மா. கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டி உதிர்ந்துருச்சு. கண்ணு திறந்துச்சு. கொஞ்சம் செவப்பு, அவ்வளவுதான். "இப்ப வலி எப்படிடி இருக்கு?"ன்னேன். "கண்ணுல வலியே இல்லைங்க அத்த. ஆனா புகை மூட்டமா தெரியுது. லைட்டைப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமா வருது"ன்னா.

வலி போச்சா, வியாதி போச்சு. புகை மூட்டம்கறது பலவீனம். தினமும் முருங்கைக்கீரை ஆக்கிப் போட்டேன். வேளாருக்கு வேட்டி துண்டு வெச்சுக் குடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். இதுல என் தப்பு எங்க இருக்குன்னு நீயே சொல்லு.

இப்ப வெங்காயத்துக்கு வரேன்.

எங்க மெஸ்ஸுல எல்லாம் சின்ன வெங்காயம்தான். சாம்பாருக்கும் அதுதான், சுக்காவுக்கும் அதுதான். பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு ஏமாத்தற வேலை நம்மகிட்ட கிடையாது. அதை உரிக்கறதுதான் ரோதனை. வேலைக்கு வர்ற பொம்பளைங்க அரைக் கூடை உரிக்கறதுக்குள்ள அழுது மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சுப் போயிடுவாளுங்க. ஒரு நாள் சுகந்தி உக்காந்து உரிச்சா. நான் எதிர்ல நிக்கறேன். வலது கண்ணுல பொலபொலன்னு ஊத்துது. இடது கண்ணு, அக்கி வந்த கண்ணு, அப்படியே காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு இல்ல. "ஏண்டி, அந்தக் கண்ணு எரியலையா?"ன்னேன். "தெரியலைங்க அத்த"ன்னா. எனக்கு ஒரே ஆச்சரியம். சிங்கம் எழுதினதுக்கு இப்படி ஒரு பலன் இருக்கும்னு யாரு கண்டா?

அதுல இருந்து உரிக்கற வேலையை அவகிட்டயே விட்டுட்டேன். ஆமா, விட்டேன்தான். எரியறவளுகளை வெச்சு உரிக்கறதுக்கு எரியாதவளை வெச்சு உரிக்கலாம்ல? மொளகா வத்தல் வறுக்கறதும் அவதான். அந்த நெடிக்கு நாங்க எல்லாரும் வாசலுக்கு ஓடுவோம். அவ இருமுவா, வலது கண்ணு ஒழுகும், இடது கண்ணு பாட்டுக்கு முழிச்சுப் பாத்துட்டு இருக்கும். ஒரு தடவை மொளகாக் கையோட அந்தக் கண்ணைக் கசக்கிட்டா. நான் அய்யய்யோன்னு தண்ணிச் சொம்பைத் தூக்கிட்டு ஓடறேன். "ஒண்ணும் இல்லைங்க அத்த"ங்கறா. குடுத்து வெச்ச ஜென்மம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவளும்தான் சிரிச்சா.

அப்புறம் ஒரு நாள் மத்தியானப் பந்தியில, தினம் சாப்பிட வர்ற வாத்தியார் ஒருத்தர், சாம்பார் ஊத்தப் போனவளை நிமிர்ந்து பாத்துட்டுக் கையை இலையிலயே வெச்சுட்டாரு. "ஏம்மா, உன் கண்ணு மேல என்னமோ ஒட்டியிருக்கே"ன்னாரு. போயிப் பாக்கறேன். வெங்காயச் சருகு. பொடிசா, செவப்பா, கருவிழி மேலயே ஒட்டியிருக்கு. எப்ப விழுந்துச்சோ. அவளுக்குத் தெரியவே இல்ல! என் முந்தானை நுனியை நாக்குல நனைச்சு நானே எடுத்து விட்டேன். கண்ணைச் சிமிட்டணுமா இல்லையா? சிமிட்டலை. முந்தானை கருவிழியில படுது, அவ என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறா. அப்ப மட்டும் எனக்கு மயிரு கூச்செறிஞ்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன். வாத்தியார் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் அந்த இடத்துல வெள்ளையா ஒரு புள்ளி. புள்ளி பெருசாகி, சோத்துப் பருக்கை மாதிரி ஆயிருச்சு. இளவரசன் அதைப் பாத்தான். மெஸ்ஸை இழுத்துச் சாத்திட்டு ரெண்டு பேரையும் கார் வெச்சுத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். ஆமா, நானும்தான் போனேன். என் மருமவ, நான் போகாம யாரு போவா?

அங்க ஒரு டாக்டரம்மா. பஞ்சைத் திரியாட்டம் திரிச்சு, நேரா கொண்டு போயி கருவிழியில வெச்சா. சுகந்தி அசையலை. சிலை மாதிரி உக்காந்திருக்கா. எனக்குப் பெருமை தாங்கலை. "எங்க பொண்ணு தைரியசாலிம்மா"ன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தா பாரு, ஆளைப் பொசுக்கற பார்வை.

"இது தைரியம் இல்லைங்கம்மா. தொட்டது அவங்களுக்குத் தெரியவே இல்ல"ன்னா.

அப்புறம் கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டினா. நல்ல கண்ணு ஒண்ணு, அதுல வெள்ளை வெள்ளையா நூலு மாதிரி நரம்பு ஓடுது. நம்ம சுகந்தி கண்ணு ஒண்ணு, அதுல ஒரு நூலைக் காணோம், வெறும் பொட்டல். அக்கிக் கிருமி நரம்பு வழியாத்தான் வருமாம், வந்து கருவிழி நரம்பை அழிச்சுருச்சாம். அந்த நரம்புதான் மேல இருக்கற செல்லுக்கெல்லாம் சத்து குடுக்கறதாம். நல்ல கண்ணுல அந்த செல்லு பொடிசா நெருக்கமா அடுக்கி இருக்கு. இவ கண்ணுல ஊதிப் போயி, குழைஞ்ச சோறு மாதிரி கெடக்கு. அதுதான் உதிர்ந்து உதிர்ந்து புண்ணாகுது, புண்ணும் ஆற மாட்டேங்குதுன்னா. "கண்ணுக்கு வலிதாம்மா காவல். தூசி விழுந்தா உறுத்தணும், உறுத்தினா தண்ணி வரணும், இமை மூடணும். காவல் போயிருச்சு. இந்த மாதிரி கண்ணை வெச்சுக்கிட்டு நெடியிலயும் தூசியிலயும் எதுக்கு இருந்தீங்க? என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு அவளைக் கேட்டா.

சுகந்தி என்னைத் திரும்பிப் பாத்தா. அப்புறம், "வீட்டு வேலைதான் மேடம்"னா.

பாத்தியா? அவ வாயாலயே வீட்டு வேலைன்னுட்டா. அத்த செய்யச் சொன்னாங்கன்னு சொன்னாளா? இல்லையே! அப்ப என் மேல தப்பில்லைன்னுதானே அர்த்தம்?

அதோட விட்டாளா அந்த டாக்டரம்மா? வலது கண்ணையும் படம் எடுத்தா. அக்கி எட்டிக்கூடப் பாக்காத கண்ணு அது. அதுலயும் நூலு குறைஞ்சிருக்குன்னா. சில பேருக்கு அப்படி ஆகும், ஏன்னு இன்னும் சரியாத் தெரியாதுன்னா. "இடது கண்ணுல பார்வை திரும்பறது கஷ்டம். இனிமே இந்த வலது கண்ணைப் பொத்திப் பொத்திக் காப்பாத்தணும், இதுல உணர்ச்சி போயிடாமப் பாத்துக்கணும்"னா. இளவரசன் சுவத்துல சாஞ்சுட்டான். ஆரம்பத்துல மாத்திரை சாப்பிட்டீங்களான்னு டாக்டரம்மா கேட்டப்ப, சுகந்தி குனிஞ்சுக்கிட்டா. அவன் என்னைப் பாத்தான்.

வீட்டுக்கு வந்து சமையக்கட்டை உருட்டினான். கடுகு டப்பாவுக்குப் பின்னாடி இருந்து எடுத்தான். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கலை, அப்படியே இருக்கு. கத்துவான்னு நினைச்சேன். கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியாது. அவன் கத்தலை. அதை என் கையில வெச்சு என் விரலை மடக்கி விட்டான். "பத்திரமா வெச்சுக்கம்மா"ன்னான். துணிமணியை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போயிட்டாங்க.

இப்ப ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே வாடகைக்கு வீடு. சொந்தமா மெஸ் வெச்சிருந்தவன் எவனோ கடையில புரோட்டா மாஸ்டரா நிக்கறான். என் ஃபோனை எடுக்கறதில்ல. பத்து மாசம் சுமந்தவ ஃபோனை! இங்க ஒருத்தியும் வேலைக்கு நிக்க மாட்டேங்கறாளுக. நானே உக்காந்து உரிக்கறேன், ரெண்டு கண்ணுலயும் கொட்டுது. வெங்காயத்துக்குக் கொட்டுதா வேறெதுக்குக் கொட்டுதான்னு எனக்கே தெரியலைம்மா. வயிறு எரியுது. நல்லது செஞ்சவளுக்கு இதுதானா?

மனசு கேக்காம போன வாரம் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான், அவதான் கதவைத் திறந்தா. அந்த இடது கண்ணைப் பாக்கறேன். இமையைத் தைச்சிருக்காங்கம்மா! வெளி ஓரத்துல இருந்து பாதிக் கண்ணை மூடி, சாக்குப் பையைத் தைக்கற மாதிரி தைச்சு வெச்சிருக்காங்க. கேட்டா, தானா மூட மாட்டேங்குதாம், காத்துல காஞ்சு ஓட்டை விழுந்துரக் கூடாதுன்னு தைச்சதாம். ஜன்னலோரம் அந்த ஆரிச் சட்டத்தைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கா.

உக்காருங்க அத்தன்னா. காப்பி போட்டுக் குடுத்தா. மரியாதைக்கு ஒரு குறைச்சல் இல்ல. பக்கத்துல பாத்தா ஒரு தட்டுல சின்ன வெங்காயம், பாதி உரிச்சு வெச்சது. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "நான் உரிக்கச் சொன்னா குத்தம், இங்க மட்டும் உரிக்கலாமா?"ன்னு கேட்டுட்டேன். கேக்காம இருப்பேனா?

"சமைக்க இல்லைங்க அத்த"ன்னா. "தினமும் காலையில ஒரு வெங்காயத்தை வலது கண்ணுகிட்ட வெச்சு உரிச்சுப் பாக்கறேன். டாக்டருக்குத் தெரியாது, தெரிஞ்சா திட்டுவாங்க. எரியுதா, தண்ணி வருதான்னு பாக்கறேன். வந்துச்சுன்னாத்தான் அன்னைக்கு எனக்குச் சோறு இறங்குது. முந்தி மாதிரி இப்ப வரலைங்க அத்த. லேசாத்தான் வருது."

நான் காப்பியைக் குடிச்சு முடிச்சேன். கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டா. இத்தனை நடந்தும் என் கையைப் பிடிச்சாம்மா. "நீங்க கோயிலுக்குப் போறப்ப எனக்காக ஒண்ணு வேண்டிக்கங்க அத்த. வேற எதுவும் வேணாம். இந்தக் கண்ணு வலிக்கணும்னு வேண்டிக்கங்க"ன்னா.

பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு. வலி போகணும்னு வேண்டுவாங்க, வலிக்கணும்னு யாராவது வேண்டுவாங்களா? பட்டுப் பட்டு அதுக்கு அறிவு கலங்கிருச்சு. அவ கேட்டாங்கறதுக்காக அந்தப் பாவத்தை நான் செய்வேனா? நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா? மருமவளா இருந்தாலும் மகதானே.

டோல்கேட் வந்துருச்சா? நான் இங்க இறங்கி சமயபுரம் பஸ் ஏறணும். இந்தா, இதைப் பாரேன். வெள்ளியில கண்மலர், ஜோடியா செய்யச் சொல்லி வாங்கினேன். ஆத்தா காலடியில வெச்சு, தரையில விழுந்து கேக்கப் போறேன். இடது கண்ணை நீ எடுத்துக்கிட்ட, போகட்டும் தாயே. அந்த வலது கண்ணையாவது பாத்துக்க. அதுல ஒரு எரிச்சல், ஒரு உறுத்தல் இருக்கக் கூடாது. வலிங்கறதே அவளுக்குத் தெரியாமப் பண்ணிடுன்னு.

வேற என்னம்மா கேப்பேன் நான்? கொஞ்சம் வழி விடு.